ஒரு வாக்கியம் அட்டவணையான கதை

2025 செப்டம்பர் 25ஆம் தேதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 18ஆம் பதிப்பு வெளியானது. வட்டிலிருந்து தரவைப் படிக்கிற புதிய முறை, நேர வரிசைப்படி அமைகிற அடையாள எண்கள் என்று அதில் பெரிய விஷயங்கள் பல. எல்லாரும் அவற்றைத்தான் பேசினார்கள். வெளியீட்டுக் குறிப்பில் எங்கோ கீழே, ஒரே வரியில் இன்னொரு மாற்றமும் இருந்தது. "கான்இன்ஃபோ" என்கிற கட்டளை இனிமேல் பதிலை அட்டவணையாகத் தரும், முன்பைவிட அதிக விவரமும் தரும். அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

இதுல எழுத என்ன இருக்குன்னு தோன்றலாம். அந்தக் கட்டளை பதில் சொல்கிற கேள்வி ரொம்பப் பழையது: "நான் இப்போது எங்கே நிற்கிறேன்?" ஒரு காலத்தில் இதற்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. பிறகு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. இப்போது பத்துப் பன்னிரண்டு வரி அட்டவணை தேவைப்படுகிறது. கேள்வி மாறவில்லை, "எங்கே" என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது எப்படி மாறியது என்று பார்ப்போம்.

தரவுத்தளப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. போஸ்ட்கிரெஸ் என்பது தரவைச் சேமித்து வைக்கிற சர்வர். அதோடு பேச பிஎஸ்க்யூஎல் என்று ஒரு கட்டளை வரி நிரல் உண்டு. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுகிறோம், பதில் வருகிறது. நாம் தட்டுவதற்கு முன்னால் திரையின் இடது ஓரத்தில் நமக்காகக் காத்திருக்கிற சிறு குறிக்குப் ப்ராம்ப்ட் என்று பெயர். கேள்வி கேட்கிற அதே இடத்தில்தான் அழிக்கிற கட்டளையையும் தட்டுகிறோம். ஆகவே, தட்டுவதற்கு முன்னால் எந்த சர்வரில் இருக்கிறோம் என்று தெரிந்திருப்பது உயிர்நாடி.

எந்த நாடு?

நான் இதை எழுதுவது கொல்லிமலை பைல்நாட்டில் இருந்து. வெளியூர் நண்பர்களுக்கு இந்தப் பெயரே விசித்திரமாக இருக்கும். மலைக்கு மேல் "எந்த நாடு?" என்று கேட்டால் இந்தியாவா இலங்கையா என்று அர்த்தம் இல்லை. வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு, தேவனூர்நாடு, பைல்நாடு என்று மலை முழுக்க நாடுகள்தான். ஊராட்சிப் பெயர்களே இன்றும் நாடு என்று முடிகின்றன. சிற்றூரின் பெயரை மட்டும் சொன்னால் பாதி முகவரிதான். நாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் பிடிபடுவார்.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஊரைத் தனியாகச் சொல்லி நிறுத்துவது அபூர்வம். இன்ன மண்டலத்து, இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊர் என்று சங்கிலியாகத்தான் வரும். மண்டலத்துக்கும் நாட்டுக்கும் இடையில் வளநாடு என்ற படி முதலாம் ராஜராஜன் காலத்தில் (985–1014) வந்தது. ஆட்சி விரிய விரிய முகவரியிலும் ஒரு படி கூடியது என்பதைக் கவனியுங்கள். நிலத்தைத் தானமாகக் கொடுக்கிறவனுக்கு நல்லூர் என்றால் எந்த நல்லூர் என்று சந்தேகம் வரக் கூடாது. நல்லூர்களும் புதூர்களும் தமிழ்நாட்டில் எத்தனை என்று எண்ணி முடியாது, இல்லீங்களா?

இன்னொன்றும் உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் வளநாடுகள் சிலவற்றின் பெயர் மாறியது. நிலம் அதே நிலம்தான், மேலே ஒட்டியிருக்கிற பெயர்தான் வேறு. பெயரும் இடமும் ஒன்று இல்லை. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு உதவும்.

என் ஊர்ப்பெயர்க் குறிப்புகளை ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் ஒரு பிரதி, வாடகை சர்வரில் மூலப் பிரதி, அந்த மூலத்தைத் தொடர்ந்து பின்பற்றுகிற இன்னொரு நகல் சர்வர். மூன்றிலும் தரவுத்தளத்தின் பெயர் "ஊர்கள்". மூன்றையும் தனித்தனி ஜன்னலில் திறந்தால் மூன்றிலும் ப்ராம்ப்ட் ஒரே மாதிரி, "ஊர்கள்" என்று சொல்லிவிட்டு நிற்கும். மூணு ஜன்னல், ஒரே முகம். எந்த நாட்டு ஊர்கள் என்று அது சொல்வதில்லை.

ஒரு கணினி, ஒரு தரவுத்தளம்

ஏன் சொல்வதில்லை என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் போஸ்ட்கிரெஸ் திட்டம் தொடங்கியது. அப்போது அதோடு பேச மானிட்டர் என்ற ஒரு நிரல் இருந்தது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதில் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். அது போஸ்ட்கிரெஸ்95 என்ற பெயரில் வெளிவந்தது. பிஎஸ்க்யூஎல் வந்ததும் அதோடுதான். பழைய மானிட்டரின் வேலையைக் கொஞ்ச நாளிலேயே அது எடுத்துக்கொண்டது. 1996இல் திட்டத்தின் பெயர் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று மாறியது. பேச்சில் இன்றும் போஸ்ட்கிரெஸ்தான்.

அந்தக் காலச் சூழலை நினைத்துப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு யூனிக்ஸ் கணினி. சர்வரும் அதில்தான், நாம் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் அதில்தான். "எங்கே" என்ற கேள்விக்குத் தரவுத்தளத்தின் பெயர் ஒன்றே போதும். ஆகவே ப்ராம்ப்ட்டில் அந்தப் பெயரை வைத்தார்கள். கூடவே ஒரு சிறு குறி. சாதாரணப் பயனர் என்றால் வலது பார்த்த கோணக்குறி, எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் என்றால் எண் குறி. இது யூனிக்ஸில் ரூட் பயனருக்கு வருகிற அதே குறி. இந்த இரண்டும் இன்றுவரை பிஎஸ்க்யூஎல்லின் இயல்பான ப்ராம்ப்ட்டில் அப்படியே இருக்கின்றன. பின்னால் 13ஆம் பதிப்பில் பரிவர்த்தனையின் நிலையைக் காட்டும் குறி சேர்ந்தது. சர்வரின் பெயர் மட்டும் சேரவே இல்லை.

இன்னொரு வசதியும் அந்தக் காலத்துக்குப் பொருத்தமானது. எதுவும் சொல்லாமல் வெறுமனே பிஎஸ்க்யூஎல் என்று தட்டினால், கணினியில் நம் பயனர் பெயர் எதுவோ அதே பெயரில் நுழையும், தரவுத்தளத்தின் பெயரும் அதுவே என்று எடுத்துக்கொள்ளும், அதே கணினியில் உள்ள சாக்கெட் வழியாகப் போகும். சூழல் மாறிகளில் ஹோஸ்ட், போர்ட், பயனர், தரவுத்தளம் எதையாவது முன்பே எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இவற்றை ஒரு பெயரில் மூட்டையாகக் கட்டி வைக்க சர்வீஸ் கோப்பு என்று ஒன்றும் உண்டு. எல்லாம் வசதிதான். ஆனால் விளைவு என்ன? எங்கே போகிறோம் என்பதை நாம் தட்டுகிற கட்டளையில் சொல்லவே வேண்டியதில்லை. சொல்லாத விஷயம் மறந்துபோவது சுலபம்.

2011: ஒரு வாக்கியம்

2010 செப்டம்பரில் வந்த 9.0 பதிப்பு ஒரு திருப்பம். மூல சர்வரில் நடக்கிற மாற்றங்கள் நகல் சர்வருக்குத் தொடர்ந்து பாய்கிற வசதியும், அந்த நகல் சர்வரில் நுழைந்து தரவைப் படிக்கிற வசதியும் அதில்தான் வந்தன. இந்தப் படிக்க மட்டும் முடிகிற நகலுக்கு ஹாட் ஸ்டாண்ட்பை என்று பெயர். ஒரே தரவு, ஒரே பயனர்கள், ஒரே தரவுத்தளப் பெயர், ஆனால் இரண்டு சர்வர்கள். நல்லூர் இரண்டானது.

அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பரில் 9.1 பதிப்பு. டேவிட் கிறிஸ்டென்சன் எழுதிய கான்இன்ஃபோ கட்டளை அதில் சேர்ந்தது. பின்சாய்கோடு போட்டு அந்தப் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு வாக்கியம் வரும். தமிழில் சொன்னால் இப்படி: இன்ன தரவுத்தளத்தில், இன்ன பயனராக, இன்ன ஹோஸ்ட்டில், இன்ன போர்ட்டில் இணைந்திருக்கிறீர்கள். அதே கணினி என்றால் ஹோஸ்ட்டுக்குப் பதிலாக எந்த அடைவில் உள்ள சாக்கெட் என்று சொல்லும். இணைப்பே இல்லை என்றால் அதையும் சொல்லும்.

நல்ல வாக்கியம் அது. நான்கு கேள்விக்கு நான்கு பதில். கல்வெட்டுச் சங்கிலி மாதிரியே ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம், பயனர். பல ஆண்டுகள் அது போதுமாகவும் இருந்தது.

மற்ற தரவுத்தளக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றும் பார்த்துவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை நெடுங்காலமாக இருக்கிறது. இணைப்பு எண், பயனர், பாதுகாப்புப் பூட்டு, சர்வர் பதிப்பு என்று பல வரிகளாக அடுக்கும். ஆனால் அதன் இயல்பான ப்ராம்ப்ட் வெறும் நிரலின் பெயர்தான். ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ்ஸும் அப்படியே. அதனால் ஆரக்கிள் நிர்வாகிகள் பலர், நுழைந்தவுடனே பயனர் பெயரும் இணைப்பின் பெயரும் ப்ராம்ப்ட்டில் வரும்படி தொடக்கக் கோப்பில் எழுதி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

பெயர் வேறு, இடம் வேறு

வாக்கியம் போதாமல் போனது மெதுவாகத்தான்.

2017இல் வந்த 10ஆம் பதிப்பில், இணைய வேண்டிய ஹோஸ்ட்டாக ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் கொடுக்கலாம் என்று வந்தது. முதலாவது கிடைக்காவிட்டால் அடுத்தது. எழுத முடிகிற சர்வர்தான் வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம். ஒரு சர்வர் விழுந்தால் நிரல் தானாக மற்றொன்றுக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் இப்போது நாம் கேட்டது எது, கிடைத்தது எது என்பது வேறுவேறு.

அதோடு, ஹோஸ்ட்டின் பெயர் ஒன்றாகவும் உண்மையில் இணைகிற ஐபி முகவரி வேறாகவும் கொடுக்க போஸ்ட்கிரெஸில் வழி உண்டு. ஒரே பெயருக்குப் பின்னால் பல முகவரிகளும் இருக்கலாம். குலோத்துங்கன் காலத்தில் நிலம் அப்படியே இருக்கப் பெயர் மாறியது. இங்கே தலைகீழ், பெயர் அப்படியே இருக்க நிலம் மாறுகிறது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில், கான்இன்ஃபோவின் வாக்கியத்தில் ஹோஸ்ட் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஐபி முகவரியும் சேர்ந்தது. எழுதியவர் ஃபேபியன் கொயல்ஹோ.

2021இல் 14ஆம் பதிப்பு. இணைந்தவுடன், "நான் இப்போது ஹாட் ஸ்டாண்ட்பை நிலையில் இருக்கிறேனா இல்லையா" என்பதை சர்வர் தானாகவே அறிவிக்கத் தொடங்கியது. மூலமா நகலா என்று நிரல் தனியாகக் கேட்கத் தேவை இல்லை.

இதற்கிடையில், இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் விவரம் வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு வரியாக வரத் தொடங்கியிருந்தது. ஒரு வாக்கியம், அதில் ஓர் அடைப்புக்குறி, கீழே ஒரு வால். நெசவு முடிந்த துணியில் ஒட்டுப் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

2017 ஜனவரி 31

இதெல்லாம் வெறும் அழகுப் பிரச்சினைதானே என்று கேட்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது இது.

கிட்லேப் நிறுவனத்தின் தளம் போஸ்ட்கிரெஸில் ஓடியது. ஒரு மூல சர்வர், ஒரு நகல் சர்வர். 2017 ஜனவரி 31 அன்று சுமை ஏறி, நகல் சர்வர் பின்தங்கி, மூலத்தைப் பின்தொடர்வது நின்றுபோனது. நகலில் உள்ளதை அழித்துவிட்டு மூலத்தில் இருந்து புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்கும் நிரல் எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றது. உண்மையில் மூல சர்வர் தரவை அனுப்பத் தொடங்குவதற்காக அது காத்திருந்தது. காத்திருக்கிறேன் என்று அது சொல்லவில்லை. கோளாறு என்று நினைத்துப் பலமுறை முயன்றார்கள். இரவு ஆகிவிட்டது. நகல் சர்வரின் தரவு அடைவை முழுதாக அழித்துவிட்டு மறுபடி முயலலாம் என்று ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். அந்த ஜன்னல் மூல சர்வருடையது.

ஓரிரண்டு விநாடியில் புரிந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. காப்புப் பிரதிகளைத் தேடினால், அன்றாடப் பிரதி எடுக்கும் ஏற்பாடு பதிப்புப் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. சோதனைத் தளத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

இரண்டு சர்வர்களின் பெயர்களும் ஒரே ஓர் எண்ணில்தான் வேறுபட்டன. சம்பவத்துக்குப் பின் கிட்லேப் போட்ட வேலைப் பட்டியலில், எல்லாக் கணினிகளிலும் ப்ராம்ப்ட்டை மாற்றி, எந்த ஹோஸ்ட், எந்தச் சூழல் என்று பளிச்சென்று தெரியும்படி செய்வதும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் பக்கமும் ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதே ஆண்டு வந்த 10ஆம் பதிப்பில், விவரமாகச் சொல்லும்படி கேட்டால், பிரதி எடுக்கும் நிரல் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கியது.

இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அழித்தது பிஎஸ்க்யூஎல் வழியாக இல்லை, யூனிக்ஸ் கட்டளை வரியில். அங்கேயும் "இது எந்தக் கணினி?" என்று கேட்டால் சொல்கிற கட்டளை இருக்கத்தான் செய்கிறது. அவர் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் அவருக்குச் சந்தேகமே இல்லை. நகலில்தான் இருக்கிறோம் என்று உறுதியாக நினைத்தார். சந்தேகம் வந்தவன்தான் கேட்பான். ஆபத்து வருவது சந்தேகம் வராதவனுக்கு. கேட்டால் மட்டும் பதில் சொல்கிற எந்தக் கட்டளைக்கும் இதுதான் எல்லை.

2025: அட்டவணை

கான்இன்ஃபோவை விரிவாக்க வேண்டும் என்ற முயற்சியை 2024இல் தொடங்கியவர் மைக்கேல் கிராசி. அவருடைய முதல் யோசனை, பழைய கட்டளையைத் தொடாமல், பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் கூடுதல் விவரம் வரும்படி செய்வது. பிஎஸ்க்யூஎல்லில் இது பழகிய வழிதான். அட்டவணைகளைப் பட்டியலிடும் கட்டளைக்கும் கூட்டல் குறி போட்டால் அளவு முதலிய விவரங்கள் சேர்ந்து வரும். பிறகு ஹுனைத் சொஹைலும் சேர்ந்து உழைத்தார். அல்வாரோ ஹெர்ரேராவின் கையால் 18ஆம் பதிப்பில் முடிவான வடிவத்தில் கூட்டல் குறி இல்லை. பழைய வாக்கியத்தையே எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே அட்டவணை என்று ஆனது.

இடது பக்கம் விவரத்தின் பெயர், வலது பக்கம் மதிப்பு. தரவுத்தளம், பயனர், ஹோஸ்ட் அல்லது சாக்கெட் அடைவு, போர்ட், இணைக்கும்போது கொடுத்த விருப்பங்கள், பேச்சு நெறிமுறையின் பதிப்பு, கடவுச்சொல் பயன்பட்டதா, சர்வர் பக்கம் நமக்காக ஓடும் செயலியின் எண், மறையாக்கம் உண்டா, சூப்பர்யூசரா, ஹாட் ஸ்டாண்ட்பையா. மறையாக்கம் இருந்தால் அதன் விவரங்கள் கூடுதல் வரிகளாக வரும்.

ஒவ்வொரு வரியும் ஒரு குழப்பத்துக்கான பதில். எழுதப் போனால் ஏன் மறுக்கிறது? ஹாட் ஸ்டாண்ட்பை வரியைப் பாருங்கள். வெளிக் கணினியில் இருந்து கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிட்டதே, சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லையே? கடவுச்சொல் வரி இல்லை என்று சொன்னால், சர்வரின் அனுமதிக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பயனர் வரிக்கு வைத்த தலைப்பையும் கவனிக்க வேண்டும். வெறும் பயனர் என்று இல்லாமல், கிளையன்ட் பயனர் என்று இருக்கிறது. காரணம் உண்டு. நாம் ஒரு பெயரில் நுழைந்துவிட்டு, உள்ளே போய் இன்னொருவரின் வேடத்தை எடுத்துக்கொள்ள எஸ்க்யூஎல்லில் கட்டளை இருக்கிறது. அப்போது நுழைந்த பெயர் ஒன்று, அதிகாரம் செல்லுபடியாகும் பெயர் ஒன்று. அட்டவணை சொல்வது நுழைந்த பெயரை. தலைப்பில் ஒரு சொல்லைக் கூட்டி அதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொரு நல்ல முடிவு: இந்த விவரங்களை எடுக்க சர்வரிடம் புதிதாக வினவல் எதுவும் அனுப்புவதில்லை. இணைப்பின்போதே கிளையன்ட்டுக்குத் தெரிந்தவையும், சர்வர் தானாக அறிவித்தவையும் போதும். பரிவர்த்தனை நடுவில் பிழை வந்து எல்லா வினவலையும் சர்வர் மறுத்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் கான்இன்ஃபோ பதில் சொல்லும். குழப்பமான நேரத்தில்தானே அது அதிகம் தேவை.

வினைச்சொல் எங்கே?

தமிழ்க்காரனாக எனக்கு இந்த மாற்றத்தில் ஒரு தனி ஆர்வம். போஸ்ட்கிரெஸின் செய்திகள் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்படுகின்றன. 8ஆம் வரிசைப் பதிப்புகளின் காலத்தில் சில கூறுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருந்தது. இணைப்பைக் கையாளும் லிப்பிக்யூ நூலகம் அவற்றில் ஒன்று.

இணைப்பு வாக்கியம் மொழிபெயர்ப்பாளருக்குக் கொஞ்சம் முள். ஆங்கிலத்தில் "இணைந்திருக்கிறீர்கள்" என்பது முதலில் வந்துவிடும், பிறகு எதில், யாராக, எங்கே என்று வால் நீளும். தமிழில் வினை கடைசியில்தான். துண்டு துண்டாக ஒட்டினால் தமிழ் உடைந்துவிடும். அதனால்தான் நிரல் எழுதியவர்கள் சாக்கெட்டுக்கு ஒரு முழு வாக்கியம், ஹோஸ்ட்டுக்கு ஒன்று, முகவரியோடு கூடிய ஹோஸ்ட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்தார்கள். ஒரு விவரம் கூடினால் எல்லா மொழியிலும் புது வாக்கியம். அட்டவணையில் இந்தத் தொல்லை இல்லை. தலைப்புகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும், புது விவரம் வந்தால் ஒரு வரி கூடும். வாக்கியம் வளர முடியாத இடத்தில் அட்டவணை வளர முடிகிறது.

அட்டவணைக்கும் தெரியாதது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. கான்இன்ஃபோ சொல்வது பெரும்பாலும் நம் பக்கத்துக் கதை. நாம் எந்தக் கதவைத் தட்டினோம் என்பது அதற்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது முழுக்கத் தெரியாது.

இரண்டு உதாரணம். வாடகை சர்வருக்கு நான் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் போகிறேன் என்று வையுங்கள். என் கணினியின் ஒரு போர்ட்டைத் தட்டினால் அது தூரத்து சர்வரில் போய்த் திறக்கும். கான்இன்ஃபோ ஹோஸ்ட் எது என்கும்? லோக்கல்ஹோஸ்ட். முகவரி 127.0.0.1. பைல்நாட்டு மேசை மேல் இருக்கிற மடிக்கணினி என்று பொருள். ஆனால் கட்டளை ஓடுவது எங்கேயோ.

இரண்டாவது, பிஜிபவுன்சர் போன்ற பூலர்கள். பல நூறு பயனர்களின் இணைப்பை வாங்கி, சர்வரோடு சில இணைப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் நடுவர். கான்இன்ஃபோ காட்டும் முகவரியும் போர்ட்டும் நடுவருடையவை. செயலி எண்கூட நடுவர் கொடுத்த எண்தான். சர்வரிடமே அதன் செயலி எண்ணைக் கேட்கும் எஸ்க்யூஎல் செயற்கூறு வேறு எண்ணைச் சொல்லும்.

ஆகவே சந்தேகம் உள்ள இடத்தில் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். சர்வரின் முகவரி என்ன, அது மீட்பு நிலையில் உள்ள நகலா என்று சர்வரிடமே கேட்க எஸ்க்யூஎல் செயற்கூறுகள் உண்டு. அதைவிட எளிய வழி, 9.5 பதிப்பில் இருந்து உள்ள கிளஸ்டர் பெயர் என்ற அமைப்பு. சர்வருக்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம். கேட்டால் அது தன் வாயால் சொல்லும், சுரங்கம், நடுவர் எல்லாம் தாண்டி வரும். ஒன்றே ஒன்று: மூல சர்வரைப் பிரதி எடுத்து நகலை உண்டாக்கும்போது அமைப்புக் கோப்பும் சேர்ந்து வந்தால் பெயரும் கூடவே வந்துவிடும். நகலில் அதை மாற்ற மறக்கக் கூடாது.

கேட்காமலே சொல்கிற ப்ராம்ப்ட்டுக்கும் வழி இருக்கிறது. தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதினால் பயனர், ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம் நான்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் நிற்கும். நிறமும் கொடுக்கலாம். கிளஸ்டர் பெயரை நுழையும்போதே சர்வரிடம் கேட்டு, மாறியில் வாங்கி, ப்ராம்ப்ட்டில் ஒட்டுகிறவர்களும் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்கக் கோப்பு ஓடுவது ஒரே ஒரு முறை. உள்ளே இருந்தபடியே வேறு சர்வருக்கு மாறினால் பழைய பெயரே ப்ராம்ப்ட்டில் தங்கிவிடும். ஹோஸ்ட்டும் போர்ட்டும் இணைப்போடு தானாக மாறும், நாம் ஒட்டிய பெயர் மாறாது. பெயர்ப் பலகையே இல்லாத ஊரைவிடத் தப்பான பலகை உள்ள ஊர் மோசம். ஆகவே அப்படி ஒட்டுகிறவர்கள் சர்வர் மாற வேண்டும் என்றால் வெளியே வந்து புதிதாக நுழைவது நல்லது.

18ஆம் பதிப்பின் அட்டவணையை நான் வரவேற்கிறேன். ஆனால் அது கேட்டவனுக்குக் கிடைக்கிற பதில். கல்வெட்டில் மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று எழுதி வைத்தவன், படிக்கிறவன் கேட்பான் என்று காத்திருக்கவில்லை. சொல்ல வந்த விஷயத்துக்கு முன்னாலேயே இடத்தைச் சொல்லிவிட்டான். பிஎஸ்க்யூஎல்லின் இயல்பான ப்ராம்ப்ட் இன்னும் ஊர்ப்பெயரோடு நின்றுகொண்டிருக்கிறது. நாட்டைச் சேர்த்துக்கொள்வது இப்போதைக்கு நம் பொறுப்பு. தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?